ஏழு நாள்களுக்குப் பிறகு: தலைக்காயமுற்றோரின் குடும்பங்களைத் தாங்குவது யார்?

புதுதில்லி: சாலை விபத்தில் காயமுற்றோருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2025 மே 5 அன்று அறிவிக்கை செய்தது. விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சத்துக்கு மிகாத சிகிச்சைச் செலவை இத்திட்டம் ஏற்கிறது. இதற்கு வழிவகுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-ஆவது பிரிவு 2022 ஏப்ரல் முதலே நடைமுறையில் இருந்தது. ஆயினும், கோவை எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் காலக்கெடு விதித்த பின்னரே திட்டம் வெளியானது.

உயிர் காக்கும் முதல் மணி நேரத்தில் பணத்தைக் கேட்டு வாசலில் நிறுத்தும் வழக்கத்துக்கு இது முடிவு கட்டுமானால், அது பெரிய மாற்றமே. ஆனால் ஏழு நாள் என்ற எல்லை, எலும்பு முறிந்தவருக்கும் மூளையில் அடிபட்டவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. கடுமையான தலைக்காயமுற்றவர் ஏழாம் நாளில் கண் திறக்காமலே இருக்கக்கூடும். அன்று தொடங்கும் பராமரிப்பு மாதங்களாக, பலருக்கு ஆண்டுகளாக நீள்கிறது. அந்தக் காலம் முழுவதையும் சுமப்பது குடும்பம். அக்குடும்பத்தைப் பற்றி நம் சட்டங்களும் திட்டங்களும் என்ன சொல்கின்றன என்று தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். இறந்தவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வாகன ஓட்டிகளும் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்களும் ஆவர். உயிரிழந்தோரில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். இவை இறப்புக் கணக்குகள். விபத்து நிகழ்ந்த 30 நாள்களுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணமாகப் பதிவாகிறது. பிழைத்தவர்களோ கொடுங்காயம், சிறுகாயம் என்ற இரண்டு பிரிவுகளில் அடங்கிவிடுகின்றனர். கால் முறிந்து மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியவரும், மனைவியின் பெயரை மறந்து வீட்டில் அமர்ந்திருப்பவரும் அந்த அட்டவணையில் ஒரே கட்டத்தில் இருக்கின்றனர்.

மூளைக்காயத்தின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். இல்லையெனில் குடும்பத்தின் துன்பம் புரியாது. காயமுற்றவரின் விழிப்பு நிலையை அளக்க, 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் உருவாக்கிய கிளாஸ்கோ கோமா அளவீட்டையே உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகியவற்றுக்கு மொத்தம் 3 முதல் 15 வரை மதிப்பெண். எட்டும் அதற்குக் கீழும் இருந்தால் கடுமையான காயம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் இந்த எண்ணை ஒவ்வொரு காலையும் தேர்வு முடிவைப்போல் கேட்டறிகின்றனர். எண் உயர்ந்து பதினைந்தைத் தொட்டுவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று நம்புகின்றனர். அந்த எண்ணோ விழிப்பை மட்டுமே அளக்கிறது. நினைவாற்றல், பொறுமை, முடிவெடுக்கும் திறன், நாணம், இரக்கம் ஆகியவற்றை அது அளப்பதில்லை.

மூளையின் முன்மடலில் அடிபட்டவர்களிடம் இவைதாம் குலைகின்றன. சிறு சொல்லுக்குப் பெருஞ்சினம், காரணமற்ற அழுகை அல்லது முழுமையான பற்றின்மை, பிறர் முன்னிலையில் பேசத்தகாதன பேசுதல், கையிலுள்ள பணத்தை ஒரே நாளில் செலவழித்தல் ஆகியவை மருத்துவ நூல்கள் விவரிக்கும் அறிகுறிகள். தமக்கு எந்தக் குறையும் இல்லை என்று காயமுற்றவர் உறுதியாக நம்புவது இவை எல்லாவற்றிலும் கடினமானது. இது பிடிவாதமன்று, தன் நிலையை அறியும் மூளைப் பகுதியே பழுதாவதன் விளைவு. இதை யாரும் எடுத்துச் சொல்லாத வீட்டில், மனைவி அதை வேண்டுமென்றே செய்யும் கொடுமையாகவும், தந்தை அதைச் சோம்பலாகவும் எடுத்துக்கொள்கின்றனர். மந்திரித்தல், கயிறு கட்டுதல் எனப் பணமும் காலமும் கரைகின்றன.

கிளாஸ்கோ ஆய்வாளர்களே 1980-களில் கடுமையான தலைக்காயமுற்றோரின் உறவினர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்கள் கண்டது பலரும் எதிர்பாராதது. உறவினர்களை அதிகம் வாட்டியது கை கால் முடக்கமன்று. நடத்தையிலும் உணர்ச்சியிலும் நேர்ந்த மாற்றமே. மேலும், காலம் செல்லச் செல்லச் சுமை குறையவில்லை. முதலாண்டு முடிவில் இருந்ததைவிட ஐந்தாம் ஆண்டில் உறவினர்களின் மன அழுத்தம் கூடியிருந்தது. முதலாண்டில் மீட்சி குறித்த நம்பிக்கை இருக்கிறது, உற்றாரும் வந்துபோகின்றனர். ஐந்தாம் ஆண்டில் இரண்டும் இல்லாமற் போவது இதற்கு ஒரு காரணமாகலாம். உதவி தேவைப்படும் காலம் எது என்பதைப் பற்றிய நம் கணிப்பே தலைகீழாக இருக்கிறது என்று இந்த முடிவிலிருந்து கொள்ளலாம்.

உடல் அருகிலிருக்க, அறிந்த மனிதர் இல்லாமற்போகும் இந்நிலையை அமெரிக்கக் குடும்பவியல் அறிஞர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று அழைத்தார். இறப்புக்கு நம் மரபில் சடங்குண்டு. துக்கம் கேட்க ஊர் வருகிறது. பதினாறாம் நாள் என்று ஓர் எல்லையும் இருக்கிறது. இந்த இழப்புக்கு அப்படி எதுவுமில்லை. ‘உயிர் பிழைத்தாரே, அதுவே பெரிது’ என்று சொல்லிவிட்டுச் செல்வோரிடம் மனைவி தன் துயரத்தைச் சொல்லவும் முடிவதில்லை.

இத்துன்பம் ஏழ்மையால் மட்டும் வருவதன்று என்பதற்கு ஜோத்பூர் சான்று. முன்னாள் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிவராஜ் சிங் 2005-இல் போலோ விளையாட்டின்போது கடுமையான தலைக்காயமுற்றார். எந்த மருத்துவ வசதியையும் பெறக்கூடிய அக்குடும்பமே, மீட்சிக்கான நீண்ட பாதையில் இந்தியாவில் வழிகாட்டும் அமைப்பு இல்லை என்பதை உணர்ந்தது. தந்தை கஜ் சிங் 2007-இல் இந்திய தலைக்காய அறக்கட்டளையை நிறுவினார். பிரிட்டனில் இத்தகைய குடும்பங்களுக்கான ‘ஹெட்வே’ அமைப்பு 1979-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அரண்மனைக்கே வழி தெரியவில்லை என்றால், தினக்கூலிக்குச் செல்பவரின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அங்கு முதலில் நிகழ்வது மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளின் திகைப்பு. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகள் நிறைந்தது. ஸ்கேன் முடிவும் மருந்துப் பட்டியலும் அதில் இருக்கும். மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்துவது எப்படி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது எப்படி, வலிப்பு வந்தால் என்ன செய்வது, ஆறாம் மாதத்தில் அவர் கை ஓங்கினால் யாரிடம் செல்வது என்பன அதில் இரா. வலிப்பைத் தடுக்கும் மாத்திரையைக் குடும்பமே நிறுத்திவிட்டு மீண்டும் அவசரப் பிரிவுக்கு ஓடுவது, அரை மணி நேர விளக்கத்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அளிக்கிறது. ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. வெளியேறிய பின் 15 நாள்களுக்கான மருந்து, பரிசோதனையுடன் நின்றுவிடும். பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, நினைவாற்றல் பயிற்சி ஆகியவற்றின் தேவை அந்தப் பதினாறாம் நாளில்தான் மும்முரமாகிறது.

இத்தகைய பயிற்சி நாட்டில் இல்லாமலில்லை. பெங்களூருவின் நிமான்ஸ் நிறுவனத்தில் நரம்பியல் மறுவாழ்வுச் சிகிச்சையும், கவனம், நினைவு முதலான அறிவுத்திறன்களுக்கான மறுபயிற்சியும் அளிக்கப்படுகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966 முதல் இயங்குகிறது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தவர். இங்கெல்லாம் குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்துப் பயிற்றுவிப்பது சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படுகிறது. பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்து இவ்விடங்களை அடைவதற்கு எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதே கேள்வி. மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவில் இப்பயிற்சி கிடைக்காதவரை, பெயர்பெற்ற நிலையங்களின் சிறப்பு செய்தித்தாளில் படிப்பதற்கு உரியதாகவே இருக்கும்.

அடுத்த தடை சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் அதில் உண்டு; தலைக்காயம் தனிவகையாக இல்லை. கையோ காலோ முடங்கியிருந்தால் உடலியக்கக் குறைபாடு என்ற வகையில் சான்று பெறலாம். பேச்சு போயிருந்தால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு. உடல் நன்றாயிருந்து, சிந்தனையும் நடத்தையும் மட்டும் சிதைந்தவரை எங்கே வைப்பது? அறிவுசார் குறைபாட்டுக்கான மதிப்பீடு பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடரும் குறையை மனத்தில் கொண்டது. மனநோய் என்ற வகையில் சேர்த்தால், அச்சொல்லுக்கு ஊர் தரும் பொருளை அஞ்சிக் குடும்பமே பின்வாங்குகிறது. நடந்து வந்து, வணக்கம் சொல்லி, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்பவரைப் பார்த்து, இவருக்கென்ன குறை என்று மருத்துவக் குழு வியப்பதில் வியப்பில்லை. அவரால் தேநீர் போடும் வேலையின் நான்கு படிகளை வரிசையாகச் செய்ய முடியாது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவதில்லை.

சான்றில்லையேல் உதவித்தொகை இல்லை. சான்றிருந்தாலும், மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 விழுக்காடு குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும்; 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.300. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அத்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கவும் இடமளிக்கிறது. கேரளத்தின் ‘ஆசுவாசகிரணம்’ திட்டம் படுக்கையிலிருப்போரைக் கவனிப்பவருக்கு மாதம் ரூ.600 தருகிறது. தொகை சிறிது, ஆனால் கவனிப்பதும் ஒரு வேலை என்று அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

‘கேர்கிவர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க உட்காரும்போதெல்லாம் ஒரு தடுமாற்றம் நேர்கிறது. அரசாணைகளில் ‘பராமரிப்பாளர்’, மருத்துவமனை வாசலில் அதே பெண் ‘பேஷண்ட் அட்டெண்டர்’, வீட்டிலோ அவர் மனைவி அல்லது தாய், அவ்வளவுதான். பெண் என்று எழுதியது தற்செயலன்று. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டிலுள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட, ஆண்களில் அது 21.4 விழுக்காடு. குழந்தை வளர்ப்பையும் உள்ளடக்கிய கணக்கு இது. தலைக்காயமுற்றோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயது ஆண்கள். எனவே ஒரே நாளில் வீட்டின் வருமானம் நிற்கிறது. வேலைக்குச் செல்லக்கூடிய மற்றவரும் வீட்டோடு கட்டுண்டு போகிறார். அரசு நிறுவன ஊழியராக இருந்தால், பணிக்காலத்தில் குறைபாடு நேர்ந்ததற்காக அவரைப் பணிநீக்கம் செய்வதையோ பதவி இறக்குவதையோ சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. தனியார் லாரி ஓட்டுநருக்கு அந்தப் பிரிவு பயன்படாது.

பணம் வங்கியில் இருந்தாலும் எடுக்க முடியாத நிலை வேறொன்று. கையொப்பமிட இயலாத நோயாளி, கட்டைவிரல் அல்லது கால்விரல் ரேகையைச் சாட்சிகள் முன்னிலையில் வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. நினைவே இல்லாதவருக்கும், செய்வதன் பொருள் அறியாதவருக்கும் அது உதவாது. முன்பே எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் மனத்திறன் இழந்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி செயலற்றுப் போகிறது. துல்லியமாக எப்போது தேவையோ அப்போது அது செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்கீழ் மாவட்ட அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புடைய பாதுகாவலர் முறையோ, காயமுற்றவருடன் கலந்து பேசி முடிவெடுப்பதை அடிப்படையாகக் கொண்டது. நினைவற்றவருக்கு அது பொருந்துவதில்லை.

இந்த வெற்றிடத்தை உயர்நீதிமன்றங்களே நிரப்பி வருகின்றன. கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலர் நியமிப்பதற்கெனச் சட்டமில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய கேரள உயர்நீதிமன்றம், 2019 பிப்ரவரியில் நெறிமுறைகளை வகுத்தது. நரம்பியல் மருத்துவர் இடம்பெறும் மருத்துவக் குழுவின் அறிக்கை, தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலரின் நேரடி விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்குக் கணக்கு ஆகியவை அதில் அடங்கும். 2024 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, கோமாவிலிருந்த கணவரின் சொத்தை விற்க அனுமதி கோரிய மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலையவிடுவது முறையன்று எனக் கருதி அவரையே பாதுகாவலராக நியமித்தது. விற்பனைத் தொகையின் ஒரு பகுதியை நிரந்தர வைப்பில் இடவும் பணித்தது. நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் கணவரின் சேமிப்பிலிருந்து மருந்து வாங்க ஒரு பெண் ஏன் உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டும் என்பதை நாடாளுமன்றம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அதிலும் இத்தீர்ப்புகள் கோமா நிலைக்கு உரியவை. நடமாடிக்கொண்டே வீட்டுப் பத்திரத்தை யாரோ நீட்டிய தாளில் கையொப்பமிட்டு இழக்கக்கூடியவரின் குடும்பத்துக்கு எளிய வழி இல்லை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் தெளிவாக இருக்கிறது. உறுப்பின் குறைபாட்டு விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010-இலேயே அது கூறிவிட்டது. இடக்கையை இழந்த தச்சருக்கு முழு இழப்பு நேரலாம், எழுத்தருக்கு நேராமலிருக்கலாம். கவனம் சிதறும் தலைக்காயத்துக்கு இக்கோட்பாடு மிகப் பொருந்தும். 2020 பிப்ரவரியில், அரியானாவில் லாரி மோதித் தலையில் படுகாயமுற்ற 12 வயதுச் சிறுமியின் வழக்கில், பராமரிப்புச் செலவை ஒரு மொத்தத் தொகையாக ஊகிக்காமல் வாழ்நாள் கணக்கில் நீதிமன்றம் கணித்தது: இரு உதவியாளர்களுக்கு மாதம் தலா ரூ.5,000 வீதம் ரூ.21.6 லட்சம். தாயே கவனித்துக்கொள்கிறார் என்பதற்காக அந்த உழைப்பு இலவசமாகிவிடாது என்ற வாதத்துக்கு இது வலுவூட்டுகிறது. பெரியவர்களின் வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்பதற்குத்தான் நேரம் போதவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பை மீண்டும் கொண்டுவந்தது. அது நீதிமன்றங்களில் கேள்விக்கு உள்ளாகியிருப்பது உண்மையே. ஆயினும், முதல் ஆறு மாதங்களில் குடும்பம் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறது; நடத்தை மாற்றங்களோ அதன் பிறகே முழுமையாக வெளிப்படுகின்றன. அவசரத்தில் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு, எலும்பு முறிவுக்கான தொகையைப் பெற்றுக்கொண்டவர்கள் பின்னர் மூளைக்காயத்துக்கு எதையும் கோர இயலாது. தீர்ப்பாயத்துக்குச் செல்லுமுன் நரம்பு உளவியல் மதிப்பீட்டுச் சான்றைப் பெறுவது இக்குடும்பங்களுக்கு மிகப் பயன்தரும் ஒரு செயல். அதைச் சொல்வார் இல்லை.

வீட்டு வாசலுக்கே உதவி செல்லும் முறைக்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு இயக்கம், ஊர்த் தன்னார்வலர்களையும் செவிலியரையும் இணைத்துக் கேரளமெங்கும் பரவியது. 2008-இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வெளியிட்டது. புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த வீட்டுச் சேவை, நீண்டகாலம் படுக்கையில் கிடக்கும் மற்றவர்களையும் எட்டுகிறது. வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் சாப்பிட்டீர்களா’ என்று மனைவியிடம் கேட்பதன் பயனை விழுக்காட்டில் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமின்றி எந்நேரமும் இயங்குகிறது. காயமுற்றவர் மட்டுமன்றி அவரைக் கவனிப்பவரும் அழைக்கலாம். இதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

புதிய சிகிச்சைத் திட்டத்திலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. விபத்து விவரங்களுக்கான ‘இ-டார்’ தளத்தையும் தேசிய சுகாதார ஆணையத்தின் கட்டண மேலாண்மை அமைப்பையும் இணைத்தே அது செயல்படுத்தப்படுகிறது. ஆகவே இத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், மருத்துவமனை, சிகிச்சை ஆகியவை அரசிடம் ஏற்கெனவே உள்ளன. மோட்டார் வாகன விதிகளின்படி காவல்துறை 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவும் வேண்டும். தலைக்காயம் எனப் பதிவானவர்களின் வீடுகளுக்கு மூன்றாம் மாதத்திலும் ஓராண்டு நிறைவிலும் மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஒருமுறை அழைத்துப் பேசுவதற்கோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவரை அனுப்பி இழப்பீட்டு மனுவின் நிலையைக் கேட்பதற்கோ புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சகங்களுக்கிடையே ஒரு சுற்றறிக்கையும், அழைப்பவருக்கு அரை நாள் பயிற்சியும், உள்ளூர் மொழியில் இரண்டு பக்கத் துண்டறிக்கையும் போதும்.